சாமைக் களியும் ரேஷன் அரிசியும்

ஜவ்வாது மலையில் ஒரு காலத்தில் நெல்லுச்சோறு என்றால் பண்டிகை. மற்ற நாளெல்லாம் சாமைதான். சரிவில் மானாவாரியாக விதைத்தால் மூன்று மாதத்தில் வீடு வந்து சேரும் தானியம் அது. இரவில் களி கிண்டுவார்கள். மிஞ்சிய உருண்டையில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் கரைத்துக் குடிக்கக் கூழ். புடைக்கும்போது உதிரும் நொய் கஞ்சிக்கு, தவிடு மாட்டுக்கு. களிக்குத் தொட்டுக்கொள்ளக் கொல்லையோரம் தானாக முளைத்த கீரை. அதைக் கடையப் புளியும் மலையிலேயே உண்டு. கொள்ளு வேகவைத்த தண்ணீர் ரசமாகும், வெந்த கொள்ளு துவையலாகும். பலாச்சுளை தின்றால் கொட்டை குழம்புக்குப் போகும்.

பாட்டி சமையலைப் பற்றி உருகுகிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். உலக்கையைப் பற்றிப் பேசமாட்டார்கள். சாமை உமி லேசில் கழலாது. குத்த வேண்டும், புடைக்க வேண்டும், மறுபடி குத்த வேண்டும். மணி பொடிசு என்பதால் கல்லும் கூடவே வரும். அரித்துத்தான் உலையில் போட முடியும். எதையும் வீணாக்காத அந்தச் சிக்கனம் காசில்தான். கணக்கில் வராத செலவு முழுவதும் பெண்களின் தோளில் ஏறியது.

அதனால்தான் 2008-இல் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய்க்கு வந்து, 2011 ஜூனில் இலவசமும் ஆனபோது, அரிசி அன்றாடச் சோறானதில் வியப்பில்லை. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பசியையும் தோள்வலியையும் ஒருசேரக் குறைத்த அரிசி அது.

இன்றைய நிலைமை வேறு. உமி நீக்க இயந்திரம் வந்துவிட்டது. திருவண்ணாமலையை அடுத்த அத்தியந்தலில் வேளாண் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இயங்குகிறது. 2019-இல் அத்தியந்தல் 1 என்ற சாமை ரகமும் வெளியானது. மலைப் பெண்கள் குழுக்கள் சாமையைப் பொட்டலம் போட்டு விற்கின்றன. 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு நகரத்துக் கடைகளில் சாமைக்குத் தனி அலமாரியே உண்டு, பொன்னி அரிசியை மிஞ்சும் விலையில். ஏழை வீட்டுக் களி சர்க்கரை நோயாளியின் பத்தியமாகிவிட்டது. விளைவித்தவர் அதை மூட்டை கட்டி விற்றுவிட்டு ரேஷன் அரிசி வாங்கி வருகிறார்.

நீலகிரியிலும் தருமபுரியிலும் 2023 முதல் ரேஷன் கடையில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு வாங்கிக்கொள்ளலாம். ஜவ்வாது மலைக்கும் அப்படியொரு ஏற்பாடு வேண்டும். மலையில் விளையும் சாமையை அரசே நல்ல விலைக்கு வாங்கி, உமி நீக்கி, அங்குள்ள ஜமுனாமரத்தூர் ரேஷன் கடையில் அரிசியோடு சேர்த்து வைக்கட்டும்.