வாக்கி டாக்கியும் வண்டிக் கூரை ஆன்டெனாவும்: ஓட்டுநர்கள் அறிய வேண்டிய சட்டம்

பெரம்பலூர் நான்கு ரோட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஆட்டோ எலக்ட்ரீசியன் கடை. சாயங்கால வேளையில் ஒரு டிப்பர் லாரி வந்து நின்றது. இறங்கிய ஓட்டுநரின் கையில் ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே ஆன்லைனில் வாங்கிய வாக்கி டாக்கி, அதை டேஷ்போர்டில் பொருத்தும் தாங்கி, வண்டி பேட்டரியிலிருந்து கரண்ட் எடுக்கும் அடாப்டர், கூரையில் ஒட்டும் காந்த ஆன்டெனா, சுருள் வயரோடு ஒரு மைக்.

"அண்ணே, இத மாட்டிக் குடுங்க. ஓனர் வாங்கிக் குடுத்தாரு."

"லைசென்ஸ் இருக்கா தம்பி?"

"டிரைவிங் லைசென்ஸா? இருக்குண்ணே."

அந்தத் தம்பியைக் குறை சொல்ல முடியாது. பெட்டியின் மேல் வாட், கிலோமீட்டர், சேனல் என்று என்னென்னவோ அச்சிட்டிருந்தது. வானலையில் பேச அரசின் அனுமதி வேண்டும் என்ற ஒரு வரி மட்டும் எங்கும் இல்லை. வாங்கியவர் ஒருவர், விற்றவர் இன்னொருவர். சோதனையில் பிடிபட்டால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவர். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அரியலூர், பெரம்பலூர் பக்கம் இந்தச் செட்டுக்கு ஏன் தேவை வருகிறது என்பது இந்த மண்ணைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு காலத்தில் கடலாக இருந்த நிலம் இது. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்தான் அரியலூரைச் சுற்றி இத்தனை சிமென்ட் ஆலைகளைக் கொண்டுவந்தது. சுரங்கத்திலிருந்து ஆலைக்கும், ஆலையிலிருந்து ஊர்களுக்கும் லாரிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. பள்ளத்துக்குள் செல்போன் சிக்னல் தடுமாறும். புழுதியில் முன்னால் போகும் வண்டி தெரியாது. ரிவர்ஸ் எடுக்கும் டிப்பரின் ஓட்டுநருக்குப் பின்னால் ஆள் நிற்பதைச் சொல்ல ஒரு குரல் வேண்டும். ஆகவே வாக்கி டாக்கி வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. சரியான செட் உயிரைக் காக்கும். எந்தச் செட், யார் பெயரில் அனுமதி, எப்படி மாட்டுவது என்பதுதான் கேள்வி.

இந்தியாவில் கம்பியில்லாக் கருவி ஒன்றைக் கையில் வைத்திருக்கவே அனுமதி வேண்டும். 1933-ம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம் இதைத்தான் சொன்னது. உரிமமின்றி ஒலிபரப்பும் கருவியை வைத்திருந்தால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்று அதன் 6-வது பிரிவு விதித்தது. அதன் இடத்துக்கு 2023-ம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் வந்து, பகுதி பகுதியாக நடைமுறைக்கு வருகிறது. புதிய சட்டமும் ரேடியோ கருவி வைத்திருக்க அங்கீகாரம் கேட்கிறது. கண்டிப்புக்குக் காரணம் இருக்கிறது. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பல செட்களை எந்த அலைவரிசைக்கு வேண்டுமானாலும் திருப்பலாம். விவரம் தெரியாமல் காவல்துறையோ தீயணைப்புத் துறையோ பேசும் அலைவரிசையில் ஒருவர் பொத்தானை அழுத்திவிட்டால், அந்த நேரத்தில் வர வேண்டிய ஓர் அவசரச் செய்தி வராமலே போகலாம்.

உரிமம் தேவைப்படாத வாக்கி டாக்கிகளும் உண்டு. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான குறுகிய பட்டையில், குறைந்த சக்தியில் இயங்கும் கையடக்கச் செட்களுக்கு 2018-ம் ஆண்டு விதிகள் விலக்கு தந்தன. அதற்கு முன்பே, 2005-ல், 'சிட்டிசன் பேண்ட்' எனப்படும் 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்கும் விலக்கு கிடைத்தது. இந்த 2005 விதியில் ஒரு சொற்றொடரை ஓட்டுநர்களும் ஆட்டோ எலக்ட்ரீசியன்களும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 5 வாட் வரையிலான சக்தி, அதுவும் 'கருவியோடு சேர்ந்த ஆன்டெனா' உள்ள செட்டுக்கு மட்டும் என்கிறது விதி. ஐரோப்பாவில் 446 பட்டைக்கான விதியும் இதே போக்குதான்: அரை வாட் சக்தி, கழற்ற முடியாத ஆன்டெனா.

வண்டியில் மாட்டும் விஷயம் இங்கேதான் சிக்கலாகிறது. லாரியின் கேபின் ஓர் இரும்புப் பெட்டி. உள்ளே இருந்து பேசினால் அலை வெளியே போக ஜன்னல்தான் வழி. அதனால் சத்தம் விட்டுவிட்டு வரும். 'வெளியே ஆன்டெனா போட்டா கணீர்னு கேக்கும்' என்று கடைக்காரர் சொல்வது பொய்யல்ல. 446 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளம் சுமார் 17 செ.மீ. தான். அந்தச் சிறு கம்பியைக் கூரையில் நிறுத்தினாலே பேச்சு எட்டும் தூரம் நன்றாகக் கூடும். கூடுவதுதான் பிரச்சினையும். பக்கத்தில் பேசுவதற்கென்று கொடுத்த விலக்கு அது. ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு அடாப்டர் வழியாகக் கூரை ஆன்டெனாவை இணைக்கும்போது, விலக்கு பெற்ற கருவி உரிமம் வேண்டிய கருவியாக மாறிவிடுகிறது. விற்பவர் இதைச் சொல்வதில்லை. தாங்கியில் செருகி வைப்பதாலோ வண்டியிலிருந்து சார்ஜ் ஏற்றுவதாலோ இந்தச் சிக்கல் வராது.

ஆகவே, கூரை ஆன்டெனா வேண்டும் என்ற அளவுக்கு வேலை இருந்தால், அதற்கு உரிமம் எடுத்துவிடுவதே நேர்வழி. மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் 'சரல் சஞ்சார்' இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும். அலைவரிசை ஒதுக்கீடும் உரிமமும் அந்தத் துறையிலிருந்தே வரும். இது சுரங்க ஒப்பந்ததாரரோ போக்குவரத்து நிறுவனமோ செய்ய வேண்டிய வேலை. ஓட்டுநர் தலையில் கட்டும் வேலை அல்ல. 'ஹாம் லைசென்ஸ் எடுத்துக்கலாம்' என்று சிலர் யோசனை சொல்வார்கள். ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலி உரிமத்தில் தொழில் பேச்சு பேசக் கூடாது. லோடு எங்கே, எடைமேடை காலியா என்று அதில் கேட்பதே விதிமீறல்.

இனி வயர் வேலை. காரில் இருப்பது 12 வோல்ட், கனரக லாரியில் 24 வோல்ட். இஞ்சின் ஓடும்போது லாரியில் அது 28 வரை ஏறும். வாக்கி டாக்கியின் பேட்டரி பெரும்பாலும் 7.4 வோல்ட். காருக்கான 12 வோல்ட் அடாப்டரை லாரியில் நேராக இணைத்தால், பொத்தானை அழுத்துமுன்பே அது கருகிவிடலாம். இதைத் தவிர்க்க, வரிசையில் உள்ள 2 பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுப்பது பல கடைகளில் வழக்கம். செட் வேலை செய்யும். ஆனால் ஒரு பேட்டரி தளர்ந்துகொண்டே போகும், மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறும். கொஞ்ச நாளில் இரண்டுமே போகும். 24-லிருந்து 12-க்குக் குறைக்கும் கன்வெர்ட்டர் போடுவதே முறை.

பியூஸ் எங்கே வைப்பது என்பதையும் கேளுங்கள். 5 வாட் செட்டுக்கு 3 ஆம்பியர் பியூஸ் தாராளம். அதைச் செட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பயனில்லை, பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். பியூஸ் இல்லாத வயர் சேஸில் உரசித் தோல் உரிந்தால், லாரி பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை அதன் வழியே தள்ளும். தீப்பிடிக்க அது போதும். அப்படி எரிந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் கேட்கும்போது, பிறகு சேர்த்த வயரிங் பற்றிய கேள்வி எழும். பில் போட்டு, பியூஸ் வைத்து வேலை செய்த கடையின் ரசீது அப்போது கைகொடுக்கும். ஆன்டெனா இணைக்காமல் மைக் பொத்தானை அழுத்த வேண்டாம், செட்டின் உள்பாகம் சூடேறிப் போய்விடும். சித்திரை வெயிலில் பூட்டிய கேபினின் டேஷ்போர்டில் லித்தியம் பேட்டரியை விட்டுப் போகவும் வேண்டாம்.

ஓடும் வண்டியில் மைக்கை யார் பிடிக்கிறார் என்பதும் சட்டத்தோடு தொடர்புள்ளதுதான். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவு, ஓட்டும்போது கையில் பிடிக்கும் தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவதை ஆபத்தாக ஓட்டும் குற்றத்தில் சேர்த்தது. முதல் முறைக்கு 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். செல்போனைத் தனியாகப் பெயர் சொல்லாத சட்டம் இது. மைக்கைக் கையில் தூக்கிப் பேசும் ஓட்டுநர் தப்பிக்க வழி சொல்வது கடினம். நெடுஞ்சாலையில் ஓடும்போது மைக் கிளீனரிடம் இருக்கட்டும். அவர் இல்லையென்றால் வண்டியை ஓரம் கட்டிப் பேசுங்கள்.

சுரங்கத்தில் வெடி வைக்கும் நேரத்தில் இன்னொரு எச்சரிக்கை. மின்சாரத்தால் வெடிக்கும் டெட்டனேட்டரின் வயர், ஆன்டெனாவைப் போல ரேடியோ அலையை வாங்கிக்கொள்ளக் கூடியது. கூரை ஆன்டெனாவோடு கிட்டத்தில் நின்று பேசுவது தவறான நேரத்தில் வெடிக்கக் காரணமாகலாம். வெடிப் பொறுப்பாளர் செட்டை அணைக்கச் சொன்னால் மறுபேச்சின்றி அணைத்துவிடுங்கள்.

ஏமாந்து வாங்கியவருக்கு வழி உண்டு. 2025 மே மாதம், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வாக்கி டாக்கிகளை முறையின்றி விற்றதாக 13 இணைய வணிகத் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அதே மாதம் 30-ம் தேதி, தொலைத்தொடர்புத் துறையையும் உள்துறை அமைச்சகத்தையும் கலந்து, இத்தகைய விற்பனைக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. எந்த அலைவரிசையில் இயங்கும், உரிமம் வேண்டுமா, கருவி வகை ஒப்புதல் உண்டா என்பவற்றை விற்பவர் தெளிவாகச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விற்றது உங்கள் குற்றமல்ல. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். பலரைப் பாதிக்கும் தவறான விளம்பரம் என்றால் மாவட்ட ஆட்சியரிடமே எழுத்தில் கொடுக்க 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 17-வது பிரிவு இடம் தருகிறது.

பணத்தைத் திரும்பப் பெற மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை. 2 ஆண்டுக்குள் போட வேண்டும். இதில் ஒன்றைக் கவனியுங்கள். வியாபாரத்துக்காக வாங்கியவரை இந்தச் சட்டம் நுகர்வோராக ஏற்காது. ஆனால் சொந்தப் பிழைப்புக்காக ஒற்றை லாரியைத் தானே ஓட்டுபவருக்கு விலக்கு உண்டு. அதை மனுவிலேயே எழுதுங்கள். பில், பெட்டி, இணையதள விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் எறியாமல் வையுங்கள்.

செட்டைக் காவலர்கள் பறிமுதல் செய்தால் பதற வேண்டாம். என்ன எடுத்தார்கள் என்ற பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். சோதனையையும் பறிமுதலையும் வீடியோவில் பதிவு செய்ய வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-வது பிரிவு சொல்கிறது. செட்டை யார் கொடுத்தார், எந்த வேலைக்கு என்பதை உள்ளபடி சொல்லுங்கள். உங்களுடையது என்று யாருக்காகவும் எழுதிக் கொடுக்காதீர்கள். வக்கீல் வைக்க வசதி இல்லாவிட்டால், இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அழையுங்கள்.

ஓனர் அட்டைப்பெட்டியைக் கொடுக்கும்போது ஓட்டுநர் தம்பி ஒன்றே ஒன்று கேட்டால் போதும்: "இதுக்கு லைசென்ஸ் நகல் குடுங்க, வண்டி பேப்பரோட வச்சுக்கிறேன்." நகல் கைக்கு வரும்வரை ஆன்டெனா பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.