உஷார்! தாலி கட்டும் நேரத்தில் விளக்கு காலை வாரிவிடும்

ஸ்லோமோஷன் எடுக்கப்போகும் கல்யாண வீடியோகிராபர்களே, உஷார்! ‘தாலி கட்டும்போது அட்சதை ஒவ்வொரு அரிசியா விழணும்’ என்று பெண் வீட்டார் ஆசையாகக் கேட்கிறார்கள். நீங்களும் 240 ஃப்ரேமில் எடுத்துத் தள்ளுகிறீர்கள். கேமரா திரையில் எல்லாம் பளிச்சென்றுதான் இருக்கும். எடிட்டிங்கில் போட்டு மெதுவாக ஓடவிடும்போதுதான் வயிறு கலங்கும். மணப்பெண்ணின் முகம் இருள்கிறது, வெளுக்கிறது, மறுபடி இருள்கிறது. பின்சுவரில் கறுப்புப் பட்டைகள் ஊர்ந்துகொண்டே இருக்கின்றன. அந்தத் தாலியை இன்னொரு தரம் கட்டச் சொல்ல முடியுமா?

இது கேமராவின் கோளாறு இல்லை. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை உச்சம் தொடுவதால், அதை அப்படியே வாங்கி எரியும் விளக்கு நொடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. நம் கண்ணுக்கு அது பிடிபடாது. ஆனால் 240 ஃப்ரேமில் எடுத்ததை 25 ஃப்ரேமில் ஓட்டினால் காலம் ஏறக்குறைய பத்து மடங்கு நீள்கிறது. நொடிக்கு 100 துடிப்பு என்பது பத்தாகக் குறைந்து, பளிச் பளிச்சென்று கண்ணைக் குத்தும். விளம்பரப் படத்துக்காக ஃபேண்டம் கேமராவில் 1000 ஃப்ரேம் எடுப்பவர்களுக்கு அது நொடிக்கு இரண்டரை துடிப்பு. ஒவ்வொரு ஏற்ற இறக்கத்தையும் விரல்விட்டு எண்ணலாம்.

‘ஷட்டரை மாத்தினா சரியாயிடும்’ என்பது பாதி உண்மைதான். 25, 50 ஃப்ரேமில் ஷட்டரை 1/50 அல்லது 1/100 வைத்தால், ஒவ்வொரு ஃப்ரேமுக்குள்ளும் முழுத் துடிப்புகள் அடங்கிவிடும், படம் நிலையாக நிற்கும். 120 ஃப்ரேமிலோ ஷட்டர் அதிகபட்சம் 1/120 நொடிதான் திறந்திருக்க முடியும். ஒரு துடிப்பு முடியவே 1/100 நொடி வேண்டும்! ஆக, 100 ஃப்ரேமைத் தாண்டிவிட்டால் இந்த மாதிரி விளக்குக்குக் கீழே எந்த ஷட்டரும் உங்களைக் காப்பாற்றாது.

அதனால் மண்டபத்துக்குள் 100 ஃப்ரேம், ஷட்டர் 1/100 என்று நிறுத்திக்கொள்ளுங்கள். நாலு மடங்கு மெதுவாக ஓடும், அட்சதைக்கு அது தாராளம். கேமராவில் 120 மட்டும் காட்டுகிறதா? மெனுவில் என்.டி.எஸ்.சி. என்று இருப்பதை பி.ஏ.எல். என்று மாற்றிப் பாருங்கள், பல கேமராக்களில் 100 வந்துவிடும். ஆனால் கவனம்! இப்படி மாற்றும்போது சில கேமராக்கள் கார்டை ஃபார்மேட் செய்யச் சொல்லும். நடுக் கல்யாணத்தில், காலையிலிருந்து எடுத்த படமெல்லாம் கார்டில் இருக்கும்போது அதில் கை வைக்காதீர்கள். முதல் நாளே முடித்துவிடுங்கள்.

விளக்கின் வெளித்தோற்றத்தைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. சோக் போட்ட பழைய டியூப்லைட் கட்டாயம் துடிக்கும். பெரிய வாட் ஹாலோஜனில் இழை சட்டென்று ஆறாது என்பதால் துடிப்பு குறைவு. எல்.இ.டி.யில்தான் ஆபத்து அதிகம். பார்க்க ஒரே மாதிரி இரண்டு பல்புகள் இருக்கும். ஒன்றின் டிரைவர் கரண்டைச் சீராக்கித் தரும், மலிவான இன்னொன்று தராது. டெக்கரேஷன்காரர் வைக்கும் எல்.இ.டி. பார் லைட்டுகள் பலவற்றில், வெளிச்சத்தைக் குறைப்பது என்றாலே விளக்கை வேகமாக அணைத்து அணைத்து எரியவைப்பதுதான். அதனால் டிம்மரில் குறைக்கச் சொல்லாதீர்கள். முழு வெளிச்சத்தில் விட்டு, லைட்டைத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள், அல்லது முன்னால் டிஃப்யூஷன் துணி கட்டுங்கள். பேட்டரியில் ஓடும் லைட் என்றால் பயமில்லை என்று நினைப்பவர்களும் உண்டு. டிம்மர் அதே வகையாக இருந்தால் பேட்டரியிலும் துடிக்கும். மேடைக்குப் பின்னால் எல்.இ.டி. வால் வைக்கிறார்கள் என்றால் அதன் ரெஃப்ரெஷ் ரேட்டைக் கேட்டுவிடுங்கள். 1920-ஐ விட 3840 ஹெர்ட்ஸ் பரவாயில்லை, அதிலும் எடுத்துப் பார்த்துத்தான் நம்ப வேண்டும்.

எடுத்துப் பார்க்கப் பெரிய செலவில்லை. உங்கள் போனில் ஸ்லோமோஷன் 240-ஐப் போடுங்கள். மண்டபத்து விளக்குகள் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சில நொடிகள் எடுங்கள், விளக்கை மட்டுமல்ல, அது விழும் சுவரையும் சேர்த்து. அங்கேயே நின்று மெதுவாக ஓட்டிப் பாருங்கள். துடிக்கிற விளக்கு எது, துடிக்காதது எது என்று உடனே தெரிந்துவிடும். துடிப்பதை அணைக்கச் சொல்லுங்கள். பிறகு உங்கள் கேமராவில், எடுக்கப்போகும் அதே ஃப்ரேம் ரேட்டில் ஒரு சோதனை. ஜெனரேட்டர் ஓடும் மண்டபம் என்றால் அதிலும் ஒருமுறை. லோடு ஏறி இறங்கும்போது அது சரியாக 50-லேயே நிற்கும் என்று சொல்ல முடியாது.

‘எடிட்டிங்கில் டீஃப்ளிக்கர் போட்டுக்கலாம்’ என்று அலட்சியமாக இருக்காதீர்கள். படம் முழுக்க ஒரே சீராகத் துடித்தால் மென்பொருள் ஓரளவு சமாளிக்கும். முகத்தில் நல்ல லைட், பின்னணியில் துடிக்கிற லைட் என்று கலந்திருந்தால், பின்னணியைச் சரிசெய்யப் போய் முகம் துடிக்க ஆரம்பிக்கும்.

பெரிய படப்பிடிப்புகளில் விளக்குகளை மூன்று ஃபேஸிலும் பிரித்துக் கொடுத்துத் துடிப்பைச் சமன் செய்வார்கள். அதைக் கேள்விப்பட்டு மண்டபத்து போர்டில் நீங்களே கை வைத்துவிடாதீர்கள். இரண்டு ஃபேஸுக்கு நடுவே 415 வோல்ட், உயிர் போய்விடும். அது லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் வேலை.

240 ஃப்ரேம் வேண்டும் என்று அடம்பிடிக்கும் வீட்டாருக்கு, காலை வெயிலில் வாசலில் வைத்து எடுத்துக் கொடுங்கள். சூரியன் துடிப்பதில்லை. முகூர்த்தம் உள்ளே என்றால் முந்தின நாள் மாலையே போனை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போய்விடுங்கள். மேளம் கொட்ட ஆரம்பித்த பிறகு எந்த விளக்கையும் மாற்ற உங்களுக்கு நேரம் கிடைக்காது.