பசித்து வந்தவனும் பிள்ளைதான்

முத்துக்குளித்துறைப் பரதவர்கள் கிறிஸ்தவர்களான கதையைக் கொஞ்சம் இளக்காரத்தோடு சொல்வது பலருக்கும் பழக்கமாகிவிட்டது. 1530களில் முத்துக்குளிப்பு உரிமைக்காக முஸ்லிம் வணிகர்களோடு மோதல் வந்தது. பரதவர் தூதுக்குழு கொச்சிக்குப் போய்ப் போர்த்துக்கீசரிடம் பாதுகாப்புக் கேட்டது. 1535 முதல் இரண்டே ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542இல் இங்கே வந்த மறைப்பணியாளர் சவேரியார், 'நாங்கள் கிறிஸ்தவர்கள்' என்பதற்கு மேல் அவர்களுக்கு எதுவும் சொல்லத் தெரியவில்லை என்று கடிதத்தில் எழுதினார். அவர் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, உள்ளூர்க்காரர் துணையோடு தமிழாக்கிய பரலோக மந்திரத்தை, கடவுளைத் தந்தையே என்று அழைக்கும் அந்தச் செபத்தை, மனப்பாடம் செய்வித்தது அதற்குப் பிறகுதான். முதலில் பிள்ளைகளாகச் சேர்த்துக்கொண்டார்கள், தந்தை யார் என்பதைப் பிறகு கற்பித்தார்கள். இதைப் பேரம் என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. போர்ச்சுகலுக்கு முத்து வேண்டியிருந்தது, பரதவருக்குக் காவல் வேண்டியிருந்தது. ஆனாலும், கடவுளைத் தந்தை என்று கிறிஸ்தவம் அழைப்பதன் பொருளை விளக்க இந்தத் தலைகீழ் வரிசையே நல்ல சான்று.

பேரம் பேச வந்தவனைத் தந்தை பிள்ளையாக ஏற்பாரா? லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில் ஊதாரி மகன் வீடு திரும்புவது தந்தைமேல் கொண்ட பாசத்தால் அல்ல, பசியால். வழியெல்லாம் ஒரு பேச்சைத் தயாரித்துக்கொண்டு வருகிறான்: பிள்ளையாக வேண்டாம், கூலிக்காரனாக வைத்துக்கொண்டால் போதும் என்று. தூரத்திலேயே பார்த்துவிட்ட தகப்பன் ஓடிவந்து கட்டிக்கொள்கிறார். கூலிப் பேச்சு வாயிலிருந்து வருவதற்குள் உயர்ந்த உடைக்கும் மோதிரத்துக்கும் கட்டளை பிறந்துவிடுகிறது. வந்தவனின் நோக்கம் சுத்தமா என்று அங்கே யாரும் விசாரிக்கவில்லை. ரோமருக்கு எழுதிய பவுல் இதையே சுவிகாரம் என்ற சட்ட ஏற்பாட்டின் வழியாகச் சொன்னார். சுவிகாரத்தில் முடிவெடுப்பவர் தந்தை, பிள்ளையின் தகுதிப் பட்டியல் அல்ல.

அப்படியானால் எப்படி வேண்டுமானாலும் வாழலாமே என்ற கேள்வி உடனே எழும். அதே கடிதத்தில் பவுலே அதை எழுப்பி மறுக்கிறார். நடைமுறையில் பார்த்தாலும் அச்சம் ஒழுக்கத்தை வளர்ப்பதைவிட ஒளித்துவைப்பதையே அதிகம் வளர்க்கிறது. வேலை போய்விடும் என்று பயப்படுகிற கூலியாள் உடைத்த பாத்திரத்தை மறைப்பான். வீடு தன்னுடையது என்று அறிந்த பிள்ளை வந்து சொல்லிவிடும்.

இதைவிடக் கனமான கேள்வி கடலிலிருந்து வருகிறது. 2004 சுனாமியிலும் 2017 ஒக்கிப் புயலிலும் ஆட்களைப் பறிகொடுத்தது தென்தமிழகக் கடற்கரை. தகப்பன் என்றால் காப்பாற்றியிருக்க வேண்டாமா? இதற்கு முழு விடை என்னிடம் இல்லை, எந்த மறையுரையிலும் இருப்பதாகவும் தெரியவில்லை. ஆனால் ஒன்றைத் திட்டமாக மறுக்கலாம். சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் அல்ல என்றார் இயேசு. சாவைத் தந்தையின் புறக்கணிப்பாகப் படிக்காதே என்பதுதான் அதன் சாரம். கெத்செமனியில் தந்தையே என்று அழைத்த அவருக்கே துன்பத்தின் பாத்திரம் விலகவில்லை. இந்தக் கரையில் ஆபத்துக்குக் கூப்பிடுவது பெரும்பாலும் பனிமய மாதாவைத்தான். அதில் குறை காண ஒன்றுமில்லை. அப்பாவுக்குப் பயந்து அம்மாவிடம் போகிற பழக்கமாக அது இருந்தால்தான், பரலோக மந்திரத்தைப் பாதியில் விட்டதாக ஆகும்.

எனக்கு உண்மையான சிக்கல் வேறோர் இடத்தில் தெரிகிறது. தகுதி பாராமல் ஏற்கப்பட்டோம் என்று நம்புவதைவிட, பக்கத்தில் இருப்பவனும் அப்படியே ஏற்கப்பட்டான் என்று நம்புவது கடினம். தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரை 1899 முதல் 1905 வரை அகழ்ந்த தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரேயாவுக்கு ஈமத் தாழிகள் ஏராளமாகக் கிடைத்தன. பொன் நெற்றிப்பட்டங்களோ சிலவே. அந்தஸ்தைச் சாவுக்குப் பிறகும் விடமுடியாத மனம் அத்தனை பழையது. அந்த மனம் கோயிலுக்குள்ளும் வந்தது. 1872இல் வடக்கன்குளத்தில் எழுந்த கத்தோலிக்க ஆலயத்தில் ஒரே பீடத்தை நோக்கி இரண்டு கூடங்கள் கட்டினார்கள். நடுவே சுவர் வைத்து, ஒரு பக்கம் வெள்ளாளரும் மறுபக்கம் நாடார் முதலான மற்றவர்களும் நின்று ஒரே தந்தையை வேண்டினார்கள். லூக்காவின் ஊதாரி மகன் கதையில், தம்பி ஏற்கப்பட்டதைப் பொறுக்காத மூத்த மகன் இத்தனை வருடம் உழைத்த கணக்கைச் சொல்லி வாசலிலேயே நிற்கிறான். 'என் தம்பி' என்று அவன் வாயில் வரவில்லை, 'உம்முடைய மகன்' என்றுதான் வருகிறது. சுவர் கேட்பவனும் தன்னைப் பிள்ளையாக அல்ல, சம்பளம் பெறவேண்டியவனாகவே எண்ணுகிறான். வடக்கன்குளத்துச் சுவரை 1910இல் குருக்கள் இடித்தபோது, அது தங்கள் உரிமை என்று வழக்குப் போட்டவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள்.