வாசலில் தொடங்கும் ஆட்சி

பெங்களூருவின் குடியிருப்பு வளாகம் ஒன்றில், காவலர் அறைக்கு அருகே ஓர் அறிவிப்புப் பலகை தொங்குகிறது. அதில் மூன்று தாள்கள் ஒட்டப்பட்டுள்ளன. குழாய்ப் பராமரிப்பின் பொருட்டு நாளை குடிநீர் வாராது என்கிறது முதல் தாள். குப்பையைப் பிரித்து வழங்காத வீடுகளுக்குத் தண்டம் விதிக்கப்படும் என்கிறது இரண்டாம் தாள். திருவிழாவை முன்னிட்டு ஞாயிறன்று போக்குவரத்து வேறு சாலையில் திருப்பிவிடப்படும் என்கிறது மூன்றாம் தாள். மூன்றும் கன்னடத்தில் உள்ளன. கன்னடம் படிக்க அறியாத பெரியவர் ஒருவர் பலகையைச் சற்று நேரம் நோக்குகிறார். பின்னர் பேசாமல் நடந்து செல்கிறார். மறுநாள் காலையில் அவர் வீட்டுக் குழாயிலும் நீர் வருவதில்லை.

பிழைப்பைத் தேடி வேற்றூருக்குச் சென்று வாழ்வோர் பலர், "இது நம் ஊர் அன்று, இங்குள்ள ஆட்சி நமக்கு எதற்கு?" என்று எண்ணுவதுண்டு. ஆயினும் குடிநீர், குப்பை, தெருவிளக்கு, சாலை ஆகியவை எவருடைய தாய்மொழியையும் கேட்பதில்லை. இவற்றைக் கவனிக்கும் அமைப்பே உள்ளாட்சி. நடுவண் அரசு, மாநில அரசு ஆகிய இரண்டையும்விட மக்களின் வாசலுக்கு மிக அருகில் இருப்பதும் அதுவே.

உள்ளாட்சி தமிழர்க்குப் புதிதன்று. காஞ்சிபுரத்திற்கு அருகிலுள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இதனைத் தெளிவாகக் காட்டுகிறது. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டின்படி, ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பது இன்றைய வார்டு போன்ற பகுதியாகும். தகுதியுடையோர் பெயர்கள் ஓலைகளில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். இவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டோர் ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலிய குழுக்களில் ஓராண்டு பணியாற்றினர். முன்னர்ப் பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்வு பெற இயலாது.

எனினும் அம்முறையில் ஒரு குறை இருந்தது. சொந்த நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும் உடையவரே தகுதி பெற்றனர். நிலமற்றோர்க்கும் பெண்களுக்கும் இடமில்லை. இன்றைய இந்தியாவில் அந்நிலை மாறிவிட்டது. 18 வயது நிறைந்து, வாக்காளர் பட்டியலில் பெயர் பெற்ற எவரும் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். வாடகை வீட்டில் வாழ்பவரின் வாக்கும் மாளிகைக்கு உரியவரின் வாக்கும் ஒன்றே. வேறு மாநிலத்திலிருந்து வந்து குடியேறியவர்க்கும் இவ்வுரிமை உண்டு.

இவ்வுரிமைக்கு உறுதியான அடித்தளம் அமைத்தது அரசியலமைப்பின் 74ஆம் திருத்தமாகும். 1992இல் நிறைவேற்றப்பட்டு 1993 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த இத்திருத்தம், நகர உள்ளாட்சிகளுக்கு வழங்கத்தக்க 18 பணிகளைப் பட்டியலிட்டது. மூன்றில் ஒரு பங்கிற்குக் குறையாத இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கியது. மூன்று இலட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வார்டுக் குழுக்கள் அமைக்கப்பட வேண்டும் என்றும் விதித்தது. ஒரு பகுதியின் தேவையை அப்பகுதி மக்களே கூடிப் பேசுவதற்கு உரிய இடம் வார்டுக் குழுவாகும்.

பெங்களூருவின் நகராட்சி வரலாறு 1862இல் தொடங்குகிறது. அவ்வாண்டில் பழைய பேட்டைப் பகுதிக்கு ஒன்றும், தண்டுப் பகுதி எனப்பட்ட கண்டோன்மென்டுக்கு ஒன்றுமாக இரண்டு நகராட்சிகள் தோன்றின. 1809இல் ஆங்கிலேயர் தண்டுப் பகுதியை நிறுவியபோது, படைவீரராகவும் வணிகராகவும் தொழிலாளராகவும் தமிழர் பலர் வந்து குடியேறினர். அல்சூர், சிவாஜிநகர் முதலிய பகுதிகளில் இன்றும் தமிழ் ஒலிப்பதற்கு அதுவே காரணம். 1949இல் இரு நகராட்சிகளும் இணைந்து ஒரே மாநகராட்சியாயின. 2007இல் சுற்றியிருந்த ஏழு நகராட்சிகளும், ஒரு பேரூர் நகராட்சியும், 110 சிற்றூர்களும் சேர்க்கப்பட்டுப் பெருநகரப் பெங்களூரு மாநகராட்சி உருவாயிற்று. 2025 செப்டம்பரில் அது மத்தி, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டது. அவற்றை ஒருங்கிணைக்கப் பெருநகரப் பெங்களூரு ஆணையம் அமைந்துள்ளது.

நகர் வளர வளர அதன் துன்பங்களும் வளரும். 1898இல் பெங்களூருவில் பிளேக் என்னும் கொள்ளைநோய் பரவியது. நெருக்கமான வீதிகளும் தூய்மையின்மையும் நோய்க்குத் துணைபுரிந்தன. அதன் பின்னர்க் காற்றும் ஒளியும் புகத்தக்க அகன்ற தெருக்களுடன் பசவனகுடி, மல்லேசுவரம் ஆகிய பகுதிகள் விரைந்து வளர்ந்தன. துப்புரவு என்பது ஒவ்வொரு வீட்டின் தனிக் கவலை அன்று, ஊர் முழுவதன் பொதுக் கடமை என்பதை அந்நோய் உணர்த்திற்று.

இதே பாடத்தை நகரம் 2012இல் மீண்டும் கற்க நேர்ந்தது. அதுவரை பெங்களூருவின் குப்பை லாரிகளில் ஏற்றப்பட்டு, நகருக்கு வெளியே மாவள்ளிபுரா, மண்டூர் முதலிய சிற்றூர்களில் கொட்டப்பட்டது. அங்கு வாழ்ந்தோர் துர்நாற்றத்தாலும் நிலத்தடி நீர் கெட்டதாலும் துன்புற்றனர். அவர்கள் எதிர்த்துப் போராடினர். 2012இல் மாவள்ளிபுரா கிடங்கு மூடப்பட்டதும் பெங்களூருவின் தெருக்களில் குப்பை மலைபோல் குவிந்தது. 2014இன் இறுதியில் மண்டூருக்குக் குப்பை அனுப்புவதும் நிறுத்தப்பட்டது. ஓர் ஊரின் அழுக்கை மற்றோர் ஊரின் வாசலில் கொட்டுவது தீர்வாகாது என்பது அப்போது எல்லார்க்கும் புலப்பட்டது.

வீட்டிலேயே குப்பையைப் பிரிக்க வேண்டும் என்னும் விதி அதன் விளைவாக வந்தது. 2015இல் கர்நாடக உயர்நீதிமன்றம் "இரண்டு தொட்டி, ஒரு பை" முறையைக் கட்டாயமாக்கியது. காய்கறித் தோல், மிஞ்சிய சோறு முதலிய ஈரக் கழிவு பச்சைத் தொட்டியில் சேர வேண்டும். மருந்துப் பஞ்சு, குழந்தைகளின் அணையாடை போன்றவை சிவப்புத் தொட்டிக்கு உரியவை. தாள், நெகிழி, கண்ணாடி முதலிய உலர் கழிவு பையில் இடப்பட வேண்டும். ஈரக் கழிவு உரமாகும். உலர் கழிவு மீண்டும் பொருளாகும். மூன்றும் கலந்துவிட்டால் எதுவும் பயன்படாது. கலந்த குப்பையைக் கையால் கிளறிப் பிரிக்கும் துன்பம், கன்னடத்தில் பௌரகார்மிகர் எனப்படும் தூய்மைப் பணியாளர்மீது விழுகிறது. அறிவிப்புப் பலகையின் இரண்டாம் தாளுக்குப் பின்னால் இத்துணை வரலாறு இருக்கிறது.

எக்குறையை எங்கு முறையிடுவது என்பதையும் குடியிருப்போர் அறிந்திருத்தல் வேண்டும். குப்பை, உட்தெருச் சாலை, தெருவிளக்கு, பூங்கா ஆகியவை மாநகராட்சியின் பொறுப்பு. குடிநீரும் கழிவுநீரும் 1964இல் தோன்றிய தனி வாரியத்திடம் உள்ளன. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து காவிரி நீரை ஏற்றிக் கொணர்வது அவ்வாரியமே. அதன் உதவி எண் 1916. வீட்டு மின்சாரம் பெஸ்காம் நிறுவனத்தைச் சேர்ந்தது. அதன் எண் 1912. உரிய இடத்தில் சொல்லப்படாத குறை காற்றில் கரைந்த சொல்லாகிவிடும்.

உள்ளாட்சியின் பணி திருவிழாக்களிலும் தெரியும். சித்திரை முழுநிலவு இரவில் தர்மராயசுவாமி கோயிலிலிருந்து புறப்படும் கரக ஊர்வலம், பழைய பேட்டை வீதிகளின் வழியே சென்று மஸ்தான் தர்காவிலும் நின்று செல்லும். கார்த்திகை மாதத்தின் கடைசித் திங்களன்று பசவனகுடியில் கடலைக்காய்த் திருவிழா நடைபெறும். சுற்றுப்புற உழவர்கள் புதுக்கடலையைக் குவித்து விற்பர். செப்டம்பர் 8ஆம் நாள் சிவாஜிநகர் மரியன்னை பேராலயத்தில் தமிழரும் கன்னடரும் கூடுவர். கூட்டம் கலைந்த பின்னர், விடியுமுன் வீதியைப் பெருக்கும் கைகளும் விழாவைச் சேர்ந்தவையே.

இவ்வளவு பணிகளையும் கண்காணிக்க மக்களின் பேராளர் வேண்டும். பெங்களூரு மாமன்ற உறுப்பினர்களின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அடுத்த ஐந்து ஆண்டுகளில் தேர்தல் நடைபெறவில்லை. அலுவலர்களே நகரை நடத்தினர். அலுவலர் திறமையுடையவராக இருக்கலாம். ஆனால் "எங்கள் தெருவிளக்கு ஏன் எரியவில்லை?" என்று மாமன்றத்தில் எழுந்து கேட்பதற்கு, அத்தெருவின் வாக்கைப் பெற்றவர் ஒருவரும் இல்லை. வாக்குரிமை ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. உரிய காலத்தில் தேர்தல் நடைபெறுவதும், மக்கள் அதில் பங்கேற்பதும் இன்றியமையாதவை.

பிள்ளைகளுக்கு வாக்குரிமை இல்லை. ஆனால் அவர்களிடம் வேறொரு வலிமை உண்டு. பள்ளியில் கன்னடமும் வீட்டில் தமிழும் பழகும் பிள்ளை, இரு மொழிக்கும் பாலமாகிறது. பலகையில் உள்ள அறிவிப்பை அப்பிள்ளை படித்துச் சொன்னால், பெரியவர் இரவே குடத்தில் நீர் பிடித்து வைப்பார். வார்டுக் கூட்டம் நடைபெறும் நாளை அறிந்து, தம் தெருவின் குறையைச் சொல்லவும் செல்வார். வந்த ஊர் சொந்த ஊராவது அவ்வாறுதான்.

சொல்லும் பொருளும்

தண்டம் – அபராதம்
வாரியம் – பொதுப்பணியைக் கவனிக்கும் குழு
பேராளர் – மக்கள் சார்பில் பேசுபவர்
மாமன்றம் – மாநகராட்சி உறுப்பினர் அவை

சிந்தித்து விடையளிக்க

1. உத்திரமேரூர் முறைக்கும் இன்றைய உள்ளாட்சித் தேர்தலுக்கும் உள்ள வேறுபாடுகள் இரண்டினை எழுதுக.
2. மாவள்ளிபுரா, மண்டூர் மக்கள் போராடியதற்குக் காரணம் யாது?
3. உங்கள் குடியிருப்பின் பலகையில் உள்ள கன்னட அறிவிப்பு ஒன்றைத் தமிழில் எழுதி, வீட்டில் உள்ள பெரியவர்களுக்குப் படித்துக் காட்டுக.