சீகிரியாக் காசுகளும் ஒளிப்பட வில்லையும்

மாத்தளை மாவட்டத்துச் சீகிரியாவில் எச். சி. பி. பெல் 1890களில் மேற்கொண்ட அகழ்வுகளின்போது உரோமச் செப்புக் காசுகள் பல வெளிப்பட்டன. இவ்வகைக் காசுகள் பெரும்பாலும் 20 மில்லிமீற்றருக்கும் குறைந்த விட்டமுடையன. இலங்கையிற் கிடைத்தவற்றுள் உரோமப் பேரரசில் அச்சிடப்பட்டவையும் உள. அவற்றின் சாயலில் இப்பிரதேசத்திலேயே அடிக்கப்பட்டவையும் உள. இவ்வேறுபாடு அற்பமானதன்று. வந்த காசு கடல்வாணிபத்தைக் காட்டும். இங்கு அடித்த காசோ சாதாரண மக்களின் அன்றாடக் கொடுக்கல் வாங்கலுக்குச் சில்லறை தேவைப்பட்டதைக் காட்டும். சாயற்காசுகளில் எழுத்துக்கள் சிதைந்து வெறுங்கோடுகளாகி விடுவதுண்டு. ஆகவே, எழுத்தைத் தெளிவாகக் காட்டாத ஒளிப்படம் வரலாற்று மாணவனுக்குப் பயன்படாது.

இங்குதான் வில்லையின் தேர்வு முக்கியமாகின்றது. 36க்கு 24 மில்லிமீற்றர் சட்டகங் கொண்ட கமராவில், 50 மில்லிமீற்றர் குவியத்தூரமுடைய சாதாரண வில்லை ஏறத்தாழ 45 சென்ரிமீற்றருக்கு அப்பாலுள்ள பொருளையே தெளிவாகக் காட்டும். அத்தூரத்தில் 14 மில்லிமீற்றர்க் காசு சட்டகத்தில் 2 மில்லிமீற்றராகவே பதியும். காசு தன் இயல்பான அளவிலேயே பதிவதற்கு, அண்மைப் படத்திற்கென அமைந்த வில்லை வேண்டும்.

அத்தகைய வில்லைகளில் எதனைக் கொள்வது? சம அளவில் எடுக்கும்போது வில்லைக்கும் பொருளுக்கும் இடைத்தூரம், எளிய கணக்கின்படி, குவியத்தூரத்தின் இருமடங்காகும். 50 மில்லிமீற்றர் வில்லைக்கு அது 10 சென்ரிமீற்றர். 100 மில்லிமீற்றர் வில்லைக்கு 20. தேய்ந்த எழுத்து, பக்கவாட்டிலிருந்து தாழ்வாக விழும் ஒளியிலேயே நிழல்காட்டி எழும். அவ்வொளிக்கு இடம் தருவது நீண்ட வில்லையே. கைத்தொலைபேசியைக் காசுக்கு மிக அருகே கொண்டு செல்லும்போது அதன் நிழலே காசை மறைத்துவிடுகின்றது.

விலை தடையாயின் மாற்றுவழியுண்டு. சாதாரண 50 மில்லிமீற்றர் வில்லைக்கும் கமராவுக்குமிடையே 50 மில்லிமீற்றர் நீள வெற்றுக் குழாயைப் பொருத்தினாற் சம அளவுப் படம் கிடைக்கும். இருட்டறைகளிற் கைவிடப்பட்ட படப்பெருக்கி வில்லைகளும் நன்கு உதவும். தட்டையான தாளில் விளிம்பு வரை தெளிவு தரவே அவை ஆக்கப்பட்டன.

துவாரத்தை அளவுக்கு மீறிச் சுருக்குதலும் தவறு. சம அளவில், எட்டு என்ற அளவிலே கிடைக்கும் தெளிவின் ஆழம் ஏறத்தாழ 1 மில்லிமீற்றர். தேய்ந்த காசின் புடைப்புக்கு அது போதும். 22 வரை சுருக்கினால் ஒளியின் கோணல் படத்தை மழுங்கச் செய்யும். ஆழங் குறைவாதலால், கமரா காசுத்தளத்திற்கு நேர்மேலே இணையாக நிற்றல் வேண்டும்.

காசைத் தேய்த்துத் துலக்குதல் கூடாது. இருபக்கமும், அளவுகோலுடன், கண்டெடுத்த இடக்குறிப்போடு பதிதல் வேண்டும். இன்று ஒருவர் உள்ளங்கையிலுள்ள காசு நாளை உருக்கப்படலாம், விற்கப்படலாம். அதன்பின் எமக்கு எஞ்சுவது அப்படம் ஒன்றே. மன்னரின் பொன்னைப் பேசிய வரலாறு மக்களின் செம்பையும் பேச வேண்டுமாயின், அச்செம்பின் எழுத்தை முதலில் நாம் வாசிக்கத்தக்கதாகப் பதிவு செய்வோம்.