மலை இறங்கினதும் முதல்ல என்ன குடிக்கணும்? கூல்டிரிங்ஸா, உப்பு போட்ட மோரா?

ஒரகடத்தில் நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் சிங்கப்பெருமாள் கோவிலில் இறக்கிவிடும்போது வெயில் ஏறத் தொடங்கியிருக்கும். மறுநாள் வார லீவு என்றால், ரூமுக்குப் போய்த் தூங்க வேண்டிய நேரத்தில் 'மச்சி, அப்படியே ஒரு மலை ஏறிட்டு வந்துடலாமா?' என்று யாராவது ஆரம்பிப்பார்கள்.

இந்தப் பக்கம் மலைக்குப் பஞ்சமில்லை. ஊருக்குப் பெயர் கொடுத்த பாடலாத்ரி நரசிம்மர் கோவிலே ஒரு சின்னக் குன்றைக் குடைந்து அமைத்ததுதான். கருவறை பாறையோடு பாறையாக இருப்பதால், பெருமாளைச் சுற்ற வேண்டுமானால் குன்றையே சுற்ற வேண்டும். ஆனால் அது டிரெக்கிங் கணக்கில் வராது. வியர்க்க விறுவிறுக்க ஏறணும் என்றால் செங்கல்பட்டு தாண்டி திருக்கழுக்குன்றம், 565 படிகள். அதுவும் பத்தாது என்பவர்களுக்குத் திருவண்ணாமலை மாவட்டத்துப் பர்வதமலை இருக்கிறது, சுமார் 4,500 அடி.

எந்த மலையாக இருந்தாலும் இறங்கி வந்ததும் எல்லோரும் செய்வது ஒன்றுதான். அடிவாரக் கடையில் ஃப்ரிட்ஜைத் திறந்து, இருப்பதிலேயே ஜில்லென்ற பாட்டிலை எடுப்பது. அந்த முதல் பாட்டிலில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

565 படி ஏறியதும் ஏதோ ஆயிரம் கலோரி எரித்துவிட்ட மாதிரி தோன்றும். உண்மை அவ்வளவு இனிப்பாக இல்லை. ஒரு படி 15 முதல் 20 செ.மீ. என்று வைத்தால் மொத்தம் 100 மீட்டர் உயரம். 60 கிலோ எடையுள்ளவர் அதை ஏறி இறங்க, தோராயமாக 100 முதல் 150 கலோரிக்குள்தான் செலவாகும். ஒரு 300 மில்லி கோலாவில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை, அதாவது ஏறக்குறைய 125 கலோரி. ஏறியதெல்லாம் ஒரே பாட்டிலில் திரும்பி வந்துவிடும். கூடவே ரெண்டு பரோட்டா சேர்ந்தால் கணக்கு நமக்கு எதிராகத் திரும்பிவிடும்.

ஆக, இந்த மாதிரிச் சின்ன மலைகளில் நாம் இழப்பது பெரிய அளவில் சக்தி இல்லை. தண்ணீரும் உப்பும்தான். செங்கல்பட்டு வெயிலையும் காற்றின் ஈரப்பதத்தையும் சேர்த்துப் பார்த்தால், சட்டை பிழிகிற அளவுக்கு வியர்ப்பதில் ஆச்சரியம் இல்லை. ஒரு லிட்டர் வியர்வையில் சுமார் ஒரு கிராம் சோடியம் போகலாம். சமையல் உப்பாகச் சொன்னால் ஏறக்குறைய அரை டீஸ்பூன். இது ஆளுக்கு ஆள் நிறையவே மாறும். கறுப்பு டீ-ஷர்ட்டில் வெள்ளைக் கோடு படிகிறதா? நீங்கள் உப்பை அதிகம் இழக்கிற ஆள்.

அப்போ தண்ணி மட்டும் குடிச்சா போதாதா?

ஒன்றிரண்டு மணி நேர ஏற்றத்துக்குத் தண்ணீரே போதும். அதன்பிறகு சாப்பிடும் சாப்பாட்டிலேயே உப்பு வந்துவிடும். சிக்கல் வருவது நீண்ட ஏற்றங்களில். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தபோது, 13 சதவீதம் பேருக்கு சோடியம் இயல்பைவிடக் குறைந்திருந்தது. அவர்களில் பலருக்கு ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தது. அதாவது வியர்வையாகப் போனதைவிட அதிகமாகக் குடித்துத் தள்ளியிருந்தார்கள். பர்வதமலை மாதிரி நாள் முழுக்க ஏறி இறங்கும் இடத்தில் வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் குடித்தால் தலைவலி, குமட்டல், குழப்பம் வரை போகலாம். தாகத்துக்கு ஏற்ப, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பதே சரி.

அடிவாரத்திலேயே இருக்கும் பதில்

நீர்மோர். ஒரு டம்ளரில் தண்ணீர், கொஞ்சம் புரதம், பொட்டாசியம், அதோடு உப்பு. கோடையில் ஜி.எஸ்.டி ரோடு ஓரத்தில் தேடாமலே கிடைக்கும். மோர்க்கார அக்கா 'உப்பு தூக்கலா போடவா தம்பி?' என்று கேட்டால், மலை இறங்கிய அன்றைக்கு மட்டும் தயங்காமல் சரி சொல்லுங்கள். பி.பி, சிறுநீரகப் பிரச்சனை உள்ளவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை.

அடுத்து, எனக்குப் பிடித்த பானகம். வெல்லம், சுக்கு, ஏலக்காய், கொஞ்சம் எலுமிச்சை. நரசிம்மருக்கு இதை நிவேதனம் செய்வது பழைய வழக்கம். ஆந்திராவின் மங்களகிரியில் பானகத்தை வைத்தே அவருக்குப் பானகால நரசிம்மர் என்று பெயர். மலைக்கும் நரசிம்மருக்கும் பானகத்துக்கும் உள்ள இந்தக் கூட்டணி சும்மா அமைந்ததாகத் தெரியவில்லை. ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து, தித்திப்பைக் குறைத்துக் கலக்கினால் ஏறி இறங்கிய உடம்புக்கு அருமையாக ஒத்துப்போகும்.

இளநீரைப் பற்றி ஒரு சின்னத் திருத்தம். அதில் பொட்டாசியம் தாராளம், சோடியம் குறைவு. வியர்வையில் போவதோ பெரும்பாலும் சோடியம். அதனால் இளநீர் குடித்துவிட்டுக் கூடவே உப்பு போட்ட வேர்க்கடலையோ சுண்டலோ சாப்பிடுங்கள். ஏப்ரல், மே என்றால் நுங்கை விட்டுவிடாதீர்கள். அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

கம்பங்கூழ் தனி ரகம். கூழ், மோர், உப்பு, சின்ன வெங்காயம், கடிக்க மோர் மிளகாய். குடிப்பதும் சாப்பிடுவதும் ஒரே சொம்பில் முடிந்துவிடும். காலையில் ஏறி பத்து மணிக்கு இறங்குகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான டிஃபன் எனக்குத் தெரியவில்லை.

அட்டை டப்பா 'ஓ.ஆர்.எஸ்' பற்றி

மெடிக்கல் ஷாப்பில் ஓ.ஆர்.எஸ் என்ற எழுத்துகளோடு விற்ற பழச்சுவை டப்பாக்களை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு மலையேறியவர்கள் நம்மில் நிறையப் பேர். உலக சுகாதார நிறுவனத்தின் ஓ.ஆர்.எஸ் ஃபார்முலாவில் ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். அந்த டப்பாக்கள் பலவற்றில் சர்க்கரை இதைவிடப் பல மடங்கு. ஹைதராபாத் குழந்தைகள் நல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருடங்கள் போராடிய பிறகு, 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ, ஃபார்முலாவுக்கு ஒத்துவராத பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ் என்ற சொல்லே வரக்கூடாது என்று உத்தரவிட்டது.

ஓ.ஆர்.எஸ் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு 1971 சாட்சி. வங்கதேசப் போரின்போது எல்லையோர பங்கான் நகரில் அகதிகளிடையே காலரா பரவியது. டாக்டர் திலீப் மகலநோபிஸ் உப்பு, குளுக்கோஸ் கரைசலை டிரம்களில் கலக்கிக் கொடுத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. அந்தப் பெயரை மாம்பழ ஜூஸுக்கு ஒட்டினால் கோபம் வரத்தானே செய்யும்?

மலையேறப் போகிறீர்கள் என்றால் ஃபார்முலா அச்சிட்ட பவுடர் சாஷே ஒன்று பையில் இருக்கட்டும். அதன்மேல் போட்டிருக்கும் அளவு தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். குறைத்துக் கெட்டியாகக் கலக்கினால் வேலைக்கு ஆகாது.

எனர்ஜி டிரிங்க், டீ, பீர்

நைட் ஷிஃப்ட் ஆட்களின் கையில் எனர்ஜி டிரிங்க் சகஜம். 250 மில்லி கேன் ஒன்றில் பொதுவாக 80 மி.கி. வரை காஃபின் இருக்கும். தூங்காத இரவு, வெயிலில் ஏற்றம், ஏற்கெனவே படபடக்கும் இதயம். அதற்குமேல் காஃபினும் சர்க்கரையுமா? இறங்கியதும் தேவைப்படுவது தூக்கம். இந்த கேன் அதைத்தான் தள்ளிப்போடும்.

டீயைப் பற்றி ஒரு நல்ல செய்தி. 'டீ குடிச்சா உடம்புல இருக்குற தண்ணியும் போயிடும்' என்பார்கள். 2016-ல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் 13 பானங்களை ஒப்பிட்டபோது, டீ, காபி குடித்தவர்கள் தண்ணீர் குடித்தவர்களைவிட அதிகமாகச் சிறுநீர் கழிக்கவில்லை. உடம்பில் அதிக நேரம் தங்கியவை பாலும் ஓ.ஆர்.எஸ்ஸும். அதே பட்டியலில் பீரும் தண்ணீரை ஒட்டியே வந்தது உண்மைதான். ஆனால் அது ஓய்வாக உட்கார்ந்திருந்தவர்களிடம் நடந்த சோதனை. வெயிலில் காய்ந்து இறங்கி, திரும்ப பைக் ஓட்ட வேண்டியவர்களுக்கு அந்த முடிவு பொருந்தாது.

சாப்பாடு?

ஒரு மணி நேர ஏற்றத்துக்கு விசேஷ மெனு எதுவும் வேண்டாம். இட்லி, சாம்பார், ஒரு முட்டை. அல்லது தயிர் சாதம், ஊறுகாய். அரை நாளுக்கு மேல் ஏறியிருந்தால் தசைக்குப் புரதம் தேவை. ஒரு கப் வெந்த கொண்டைக்கடலைச் சுண்டலில் 14 கிராம் வரை இருக்கிறது. பிரியாணி தப்பில்லை. ஆனால் முதலில் மோர், அரை மணி கழித்து பிரியாணி என்று வரிசையை மாற்றினால் வயிறு வாழ்த்தும்.

(திருக்கழுக்குன்றத்தில் ஒரு காலத்தில் மலை ஏறிச் சாப்பிட்டது பறவைகள். நண்பகலில் வந்திறங்கும் மஞ்சள்முகப் பாறுக் கழுகுகளுக்கு அர்ச்சகர்கள் அன்னம் வைப்பார்கள். 1998-க்குப் பிறகு அவை வருவதில்லை.)

குடிக்கக் கொடுக்கக் கூடாத நேரம்

கூட வந்தவர் தள்ளாடுகிறார், பேச்சு குழறுகிறது, உடம்பு அனலாகக் கொதிக்கிறது என்றால் அது சாதாரணக் களைப்பு இல்லை, ஹீட் ஸ்ட்ரோக்காக இருக்கலாம். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். நிழலில் படுக்கவைத்து, துணியை நனைத்து உடம்பைக் குளிர்வித்து, உடனே 108-க்குக் கூப்பிடுங்கள். 2024 சீசனில் கோவை வெள்ளியங்கிரியில் மலையேறியவர்கள் அடுத்தடுத்து உயிரிழந்த செய்திகள் ஞாபகம் இருக்கும். மார்பு வலி, மூச்சுத்திணறல் என்றாலும் இதேபோல உடனே 108தான். 'சோடா குடிச்சா சரியாயிடும்' என்று உட்கார வைக்காதீர்கள்.

இன்னொன்று. இரவு முழுக்க வேலை, காலையில் மலை, வயிறு நிறையச் சாப்பாடு. இந்த மூன்றும் சேர்ந்தால் பைக்கில் கண் சொருகும். திருக்கழுக்குன்றத்திலிருந்து செங்கல்பட்டுக்கு பஸ் இருக்கிறது. அங்கிருந்து மின்சார ரயில் ஏறினால் பரனூருக்கு அடுத்த ஸ்டேஷன் சிங்கப்பெருமாள் கோவில்.