அந்தப் பேனா இங்கே எழுதாது

ஆப்பிள் பென்சிலை எடுத்து சாம்சங் கேலக்ஸி டேப்பின் திரையில் எவ்வளவு அழுத்தி இழுத்தாலும் ஒரு கோடு விழாது. சாம்சங்கின் எஸ் பேனாவுக்கு ஐபேடிலும் அதே கதிதான். ஒரு டேப்லெட்டை விட்டுப் போட்டி நிறுவனத்தின் டேப்லெட்டுக்கு மாற நினைக்கும் ஓவியரும் மாணவரும் முதலில் முட்டிக்கொள்வது இங்கேதான். காரணம் இயற்பியலில் இருக்கிறது.

விரல் தொடுவதை இரண்டு கருவிகளும் ஒரே முறையில்தான் உணர்கின்றன. திரையில் பரப்பியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திப் படலத்தின் மின்தேக்குத் திறன், விரல் நெருங்கும்போது அந்த இடத்தில் மாறும். பேனா விஷயத்தில்தான் வழி பிரிகிறது. சாம்சங் பயன்படுத்துவது ஜப்பானின் வாகாம் நிறுவனத் தொழில்நுட்பம். திரைக்கு அடியில் உள்ள கம்பிச்சுருள் வலை ஒரு மின்காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. பேனாவுக்குள் இருக்கும் சிறு சுருள் அதிலிருந்து ஆற்றலைப் பெற்று, ஒத்ததிர்ந்து, சமிக்ஞையைத் திருப்பி அனுப்புகிறது. அதனால் எழுதுவதற்கு அந்தப் பேனாவுக்கு பேட்டரி தேவையில்லை. 2015இல் வந்த ஆப்பிள் பென்சிலோ தனக்குள் லித்தியம் பேட்டரி வைத்திருக்கிறது. தானே சமிக்ஞை அனுப்புகிறது. ஐபேடின் தொடுதிரை அதைப் படித்துக்கொள்கிறது. ஆக, டேப்லெட்டை மாற்றினால் பேனாவையும் மாற்றியாக வேண்டும்.

அடுத்த சிக்கல் கோப்புகளில். ஓவியர்கள் விரும்பும் பிரோகிரியேட் செயலி ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளுக்குக் கிடையாது. அதில் வரைந்ததை பிஎஸ்டி கோப்பாக மாற்றினால் அடுக்குகள் பிழைக்கும். வெறும் படமாகச் சேமித்தால் எல்லாம் ஒரே தாளாக ஒட்டிக்கொள்ளும். ஆப்பிள் புக்ஸில் காசு கொடுத்து வாங்கிய, பூட்டுப் போட்ட மின்னூல் ஆண்ட்ராய்டில் திறக்காது. கிண்டிலில் வாங்கியது இரண்டிலும் திறக்கும்.

இப்படிச் சேரும் இழப்பையெல்லாம் பொருளாதாரத்தில் ‘மாறும் செலவு’ என்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டு பொருளியலாளர் பால் கிளெம்பரர் 1987இல் இதை அலசினார். மாறுவது கடினமான சந்தையில் நிறுவனங்கள் முதலில் மலிவாகக் கொடுத்து வாடிக்கையாளரைப் பிடிக்கும். பிறகு அவரிடமிருந்து நிதானமாகச் சம்பாதிக்கும். கிண்டில் கருவிகளை அடக்க விலைக்கே விற்பதாக அமேசானின் ஜெஃப் பெசோஸ் 2012இல் வெளிப்படையாகவே சொன்னார். லாபம் அதில் வாங்கிப் படிக்கும் நூல்களிலும் பார்க்கும் படங்களிலும் வந்துவிடும்.

ஆனால் பேனா, கோப்பு, காசு மூன்றையும் கூட்டினாலும் கணக்கு முடிவதில்லை. கையில் இருப்பதைக் கைவிட மனம் அதிக விலை கேட்கிறது. டேனியல் கானெமன், ஜாக் நெட்ஷ், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1990இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பேர்போனது. கார்னெல் பல்கலைக்கழக மாணவர்கள் 44 பேரில் பாதிப் பேருக்கு ஆளுக்கொரு காபிக் கோப்பை கொடுத்து, மற்றவர்களிடம் விற்கலாம் என்றார்கள். கோப்பை யார் கையில் சேரும் என்பது தற்செயல் என்பதால், ஏறக்குறைய 11 கோப்பைகள் கைமாற வேண்டும். நான்கு சுற்றுகளில் எதிலும் 4க்கு மேல் மாறவில்லை. வைத்திருந்தவர்கள் சுமார் 5.25 டாலர் கேட்டார்கள். இல்லாதவர்கள் அதில் பாதியளவே தரத் தயாராக இருந்தார்கள். சற்று முன் கைக்கு வந்த கோப்பைக்கே இந்தப் பாசம் என்றால், பல வருடம் மடியில் வைத்திருந்த டேப்லெட்டுக்கு எவ்வளவு இருக்கும்!

கைப்பழக்கமும் சேர்ந்துகொள்ளும். ஆண்ட்ராய்டின் சைகை முறையில் திரையின் இடது, வலது எந்த ஓரத்திலிருந்து விரலை உள்நோக்கி இழுத்தாலும் முந்தைய பக்கத்துக்குத் திரும்பலாம். ஐபேடில் வலது ஓரத்திலிருந்து இழுத்தால் அது நடக்காது. மூளையில் பதிந்த பழைய அசைவு, புதியதைக் கற்பதில் குறுக்கிடும். புதிய கருவி மோசமானது என்று முதல் சில நாட்களில் தோன்றுவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

சில கட்டுகளைச் சட்டம் அவிழ்க்கத் தொடங்கியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் முதல் புதிதாக விற்பனைக்கு வரும் டேப்லெட்டுகளுக்கு யுஎஸ்பி-சி கட்டாயம். அதே ஆண்டு ஏப்ரலில் ஐபேடின் இயங்குதளத்தையும் தன் டிஜிட்டல் சந்தைச் சட்டத்தின் கண்காணிப்புக்குள் ஒன்றியம் கொண்டுவந்தது.

மாற நினைப்பவர் எல்லாவற்றையும் ஒரே கவலையாகப் பார்க்க வேண்டியதில்லை. கைப்பழக்கம் தானாகச் சரியாகும். பேனாவுக்கு ஆகும் செலவைப் புதிய டேப்லெட்டின் விலையோடு கூட்டிக்கொள்ளலாம். கோப்புகளைப் பழைய கருவி கையில் இருக்கும்போதே வெளியே எடுத்து, இன்னொரு கருவியில் திறக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். மனத்துக்கு ஒரே ஒரு கேள்வி போதும்: இன்று என்னிடம் எந்த டேப்லெட்டும் இல்லையென்றால், இந்த விலைக்கு எதை வாங்குவேன்? பழையதையே என்று பதில் வந்தால் தாராளமாக அதிலேயே இருக்கலாம். வேறொன்று என்று வந்தால், இத்தனை நாள் விசுவாசம் என்று நினைத்ததில் பாதி வெறும் மாறும் செலவுதான்.